மேசைக்கு ஒரு லாக்

நஜீஹாவின் கழுத்தில் ஒரு சாவி தொங்கியது. பள்ளிக்கூடத்தில் அது சட்டைக்குள்ளே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எட்டிப் பார்க்கும். குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை என்று தம்பி ஆகில் மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அது ஜோதியக்காவின் அறைச் சாவி.

குவைத்தில், ஃபஹாஹீலில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஃபிளாட். ஓர் அறையில் நஜீஹா, ஆகில், உம்மா அஸ்மத் பீவி, வாப்பா கௌஸ் முகைதீன் என்று நாலு பேர். வாப்பாவுக்குத் தெருமுனை பக்காலாவில் வேலை. பக்காலா என்றால் மளிகைக் கடைதான். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு அறையில் நாகஜோதி என்கிற ஜோதியக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சமையலறை, குளியலறை, சண்டை, சிரிப்பு எல்லாம் இரண்டு அறைக்கும் பொது.

ஜோதியக்காவின் கட்டில் ஆஸ்பத்திரி கொடுத்தது. அலமாரி வீட்டுக்காரருடையது. ஃபேன், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. மேசை ஒன்றுதான் அவர் சொந்தமாக வாங்கியது.

அது சாதாரண மேசை இல்லை. நூறு வயது இருக்குமாம். பம்பாயில் பிறந்து, கப்பலேறி குவைத்துக்கு வந்ததாம். மெல்லிய நாலு கால், ஒரே ஓர் இழுப்பறை, அதில் பித்தளை வளையம். மேல்பலகை கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். ஆகில் நாக்கை நீட்டிப் பார்த்திருக்கிறான், நாக்கும் தெரிந்தது.

"ஊருக்குத் தூக்கிட்டுப் போக முடியாத எதையும் இங்க யாரும் வாங்க மாட்டாங்க நஜி. நான் வாங்கிட்டேன். எனக்குன்னு ஒரு பொருள் இருக்கட்டுமே," என்பார் ஜோதியக்கா.

தினமும் சாயங்காலம் மேசையின் ஒரு பக்கம் ஜோதியக்கா அடுத்த பரீட்சைக்குப் படிப்பார். மறுபக்கம் நஜீஹா வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த அறைக்குள் நுழைய ஒரே ஒரு சட்டம் உண்டு. கதவருகே இருக்கும் சானிடைசரைக் கையில் அடித்துக்கொள்ள வேண்டும். "எந்த அழுக்கும் இதுக்கு முன்னால நிக்காது!" என்று ஜோதியக்கா பெருமையடிப்பார்.

மேசையின் இடது மூலையில் வெள்ளை நூலில் பின்னிய வட்ட விரிப்பு ஒன்று கிடக்கும். "எங்கம்மா பின்னுனது. அது அங்கனதான் கிடக்கணும். யாரும் எடுக்கக்கூடாது," என்று சொல்லியிருந்தார்.

தங்கை கல்யாணத்துக்காக ஜோதியக்கா ஒரு மாத லீவில் பரமக்குடிக்குப் புறப்பட்டபோது சாவியை உம்மாவிடம் கொடுக்கவில்லை. வாப்பாவிடமும் கொடுக்கவில்லை. ஒரு கயிற்றில் கோத்து நஜீஹாவின் கழுத்தில் மாட்டினார்.

"ரூம் உன் பொறுப்பு. செடிக்குத் தண்ணி ஊத்து. மேசையை உலர்ந்த துணியால தொடை. அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்."

"சரிக்கா. நீங்க பயப்படாம போய்ட்டு வாங்க."

பத்து வயதில் இவ்வளவு பெரிய பொறுப்பு ஃபஹாஹீலில் வேறு யாருக்கும் இல்லை என்று நஜீஹா நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரங்கள் நன்றாகவே போயின. செடி இரண்டு இலை கூடுதலாக விட்டது. நாலாவது வாரம் தூசிக்காற்று அடித்தது. வானம் முழுவதும் மஞ்சள். மூடிய ஜன்னலையும் மீறி உள்ளே வந்த மண், மேசைமேல் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நஜீஹா துணியும் கையுமாகப் போனாள். மெல்லத் துடைத்தாள். வட்ட விரிப்பின் ஓட்டைகளிலும் மண் இருந்தது. உதறலாம் என்று அதை எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள்.

விரிப்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். டீ கிளாஸின் அடிப்பாகம் அளவுக்கு. துணியால் தேய்த்தாள். போகவில்லை. ஊதினாள். போகவில்லை.

"ஐயோ, நான் சாவி வச்சிருக்கும்போதா இப்படி ஆகணும்!"

அவள் பார்வை கதவருகே போனது. அங்கே சானிடைசர் பாட்டில் இருந்தது. எந்த அழுக்கும் எதற்கு முன்னால் நிற்காது? உங்களுக்கே தெரியும்.

நாலு முறை அடித்தாள். டிஷ்யூ பேப்பரால் அழுத்தித் துடைத்தாள்.

வட்டம் போகவில்லை. பளபளப்புப் போனது.

பலகை பிசுபிசுவென்று ஆனது. டிஷ்யூ பேப்பர் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் இன்னும் அடித்தாள். இன்னும் துடைத்தாள். பாதி மேசை புகை படிந்த கண்ணாடிபோல் வெளுத்துப்போனது. நடுவில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன, கையெழுத்துப் போட்டதுபோல.

நஜீஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரிப்பை எடுத்து மூடிப் பார்த்தாள். விரிப்பு சின்னது. பள்ளிக்கூட அட்லஸ் புத்தகத்தை விரித்து மூடினாள். ஆசியா மறைத்தது, ஆப்பிரிக்காவின் பக்கம் காயம் எட்டிப் பார்த்தது.

"லாத்தா, மேசைக்குக் காயமா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஆகில்தான். அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"உஷ்! யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். சத்தியமா."

ஆகிலுக்கு ஐந்து வயது. அந்த ரகசியத்தை அவன் முழுசாக இருபது நிமிடம் காப்பாற்றினான். அவனைப் பொறுத்தவரை அது சாதனை.

உம்மா வந்து பார்த்தார். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"யா அல்லாஹ்! என்ன புள்ளே செஞ்சு வச்சிருக்கே? அந்தப் பொண்ணு உசுரா வச்சிருந்த மேசையாச்சே!"

நஜீஹா விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். திட்டத் திறந்த உம்மாவின் வாய் பாதியில் மூடிக்கொண்டது. மகளின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வராது.

டீ குடிக்க மேலே வந்த வாப்பா, மேசையை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டியது.

"தேங்காயெண்ணெய் தடவுனா பளபளன்னு ஆயிடும்," என்றார் உம்மா.

"பக்காலாவுல ஸ்பிரே பாலிஷ் இருக்கு. ஒரு டப்பா எடுத்துட்டு வரவா?" என்றார் வாப்பா.

"வேணாம் வாப்பா!" நஜீஹா மேசைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "எதுவும் போட வேணாம். நல்லதுன்னு நெனச்சுத்தான் நானும் அதைப் போட்டேன். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இனிமே எதுவும் போடணும்."

வாப்பாவும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிதான். ஆனா தெரிஞ்சவங்க யாரு?" என்றார் வாப்பா.

நஜீஹா யோசித்தாள். மேசைக்கு அடியில் பென்சில் உருண்டு போகும்போதெல்லாம் அவள் குனிந்து எடுத்திருக்கிறாள். இழுப்பறைக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்த ஞாபகம். தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். இருந்தது! மேசையை விற்ற பழைய சாமான் கடையின் சீட்டு. அதில் பேனாவால் 'ஈசா, பாலிஷ் வேலை' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு போன் எண்.

வாப்பா மேசையைப் போட்டோ எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினார். 'ஜோதி சிஸ்டர் வெள்ளிக்கிழமை வருகிறார்' என்றும் இந்தியில் பேசி அனுப்பினார். பதினாலு வருடமாக குவைத்தில் இருப்பவர். வாப்பாவின் இந்தி ஓட்டை உடைசலாக இருந்தாலும் ஓடும்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதில் வந்தது. குரல் பதிவு. பின்னணியில் சுத்தியல் சத்தம், லாரி ஹாரன், யாரோ "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்தும் சத்தம். நடுவே ஈசா பாயின் குரல்.

"அரே பாய், புராணா மேஜ் ஹை. இஸ் பே லாக் லகானா படேகா. கலாஸ்!"

அவ்வளவுதான்.

"என்ன சொல்றாரு?" என்றார் உம்மா.

வாப்பாவின் முகம் மாறிப்போயிருந்தது. "பழைய மேசையாம். லாக் போட்டாகணுமாம்."

"லாக்கா? பூட்டா?" உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேசைக்கு எதுக்குப் பூட்டு? கெட்டது மேல்பலகை, இவரு இழுப்பறைக்குப் பூட்டு போடுறேங்கிறாரே!"

"பூட்டு இல்ல அஸ்மத். இந்தியில லாக்னா லட்சம். ஒரு லட்சம் போடணுமாம்."

உம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரூபாயா, தினாரா?" என்று மெல்லக் கேட்டாள் நஜீஹா.

"தினாரா இருந்தா இந்தக் கட்டடத்தையே வித்தாலும் பத்தாது," என்றார் வாப்பா. சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் வாப்பாவும் உம்மாவும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சமையலறை பொது என்பதால் எல்லாமே காதில் விழும்.

"இந்த வருஷம் ஊருக்குப் போக வேணாம். அந்த டிக்கெட் காசை இதுல போடலாம். மிச்சத்துக்கு முதலாளிகிட்ட கேட்டுப் பாக்குறேன்," என்றார் வாப்பா. "நம்ம புள்ள கெடுத்தது. நாமதான் சரி பண்ணிக் குடுக்கணும்."

"உங்க உம்மா நாள் எண்ணிட்டுக் கெடக்குறாங்களே."

வாப்பா டீ கிளாஸைக் கழுவப் போனார்.

நஜீஹா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வட்டத்தை அழிக்கப் போய் என்னென்னவோ அழிந்துகொண்டிருந்தது. கழுத்துச் சாவி அன்று கல்மாதிரி கனத்தது.

புதன்கிழமை பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கியதும், கீழ்வீட்டு சப்ரீனா படியில் வழிமறித்தாள். சப்ரீனா ஹைதராபாத்காரி. நஜீஹாவின் வகுப்புதான். மாமா கல்யாணத்துக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். இருவரும் பாதி ஆங்கிலம், பாதி இந்தி என்று பேசிக்கொள்வார்கள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என் கையைப் பாரு! மெஹந்தி லகாயா! நாலு மணி நேரம் ஆடாம உக்காந்திருந்தேன் தெரியுமா?"

"நல்லா இருக்கு," என்றாள் நஜீஹா, சுரத்தே இல்லாமல்.

"இந்த வளையலைப் பாரு! லாக் வளையல்!"

கண்ணாடித் துண்டுகள் பதித்த சிவப்பு வளையல்கள் மணிக்கட்டில் மின்னின.

நஜீஹாவின் கண்கள் விரிந்தன. "ஒரு லட்சமா? இந்த வளையலா?"

சப்ரீனா படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த லாக் இல்லடி! லாக்னா ஒரு பிசின். மரத்துல இருக்கிற குட்டிப் பூச்சி உண்டாக்குறது. அதை உருக்கி வளையல் பண்ணுவாங்க. எண்ணுற லாக் வேற, ஒட்டுற லாக் வேற!"

நஜீஹா வளையலைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். கருஞ்சிவப்பில் ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடத்துக்கும் மேலாக அதன்மேல்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

"சப்ரீனா, முதல்ல என்ன சொன்னே? மெஹந்தி என்ன?"

"மெஹந்தி லகாயா. பூசினேன்னு அர்த்தம். இது தெரியாதா?"

பூசுவதற்கும் லகானா. லாக் லகானா படேகா!

நஜீஹா ஒரே மூச்சில் மூன்று மாடி ஏறினாள். நல்லவேளை, வாப்பா டீ குடிக்க வந்திருந்தார்.

"வாப்பா! லட்சம் இல்ல வாப்பா! பூட்டும் இல்ல உம்மா! மெஹந்தி! வளையல்! பூச்சி!"

"தண்ணி குடி முதல்ல," என்றார் உம்மா.

தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். உம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "அரக்கு! போஸ்ட் ஆபீஸ்ல பார்சலுக்கு உருக்கி சீல் வைப்பாங்களே, அந்த அரக்கு!"

வாப்பாவுக்கு இன்னும் சந்தேகம். போனை நீட்டினார். "நீயே கேளு."

நஜீஹா தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட இந்தியில், ஒவ்வொரு சொல்லாக ஈசா பாயிடம் கேட்டாள். "நீங்கள் சொன்ன லாக், பணமா, பூசுகிற லாக்கா?"

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. மறுபாதியில் ஈசா பாய், "ஒரு லட்சம் கொடுத்தால் எங்கள் கடையையே உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்கிறேன் மகளே! அது அரக்கு பாலிஷ்தான். இன்று உங்கள் பக்கம்தான் எனக்கு வேலை. அஞ்சு மணிக்கு வருகிறேன். பழைய பருத்தித் துணி எடுத்து வையுங்கள்," என்று இந்தியில் சொல்லியிருந்தார்.

வாப்பா அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியதால் என்றார். வெங்காயம் கூடையிலேயே இருந்தது.

ஐந்து மணிக்கு ஈசா பாய் வந்தார். மெலிந்த மனிதர். சட்டையெல்லாம் மரத்தூள். வந்த வேகத்தில் ஜன்னல்களைத் திறந்தார். பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்தார். பிறகு மேசையைப் பார்த்து, ஏதோ அடிபட்ட நண்பனைப் பார்த்ததுபோல் நாக்கால் 'ச்சு' கொட்டினார்.

"என்ன போட்டீங்க?" அவருடைய இந்தியை வாப்பா தமிழாக்கினார்.

"சானிடைசர்," என்றாள் நஜீஹா தலையைக் குனிந்துகொண்டு.

"அதில் இருப்பது ஸ்பிரிட். அரக்கு தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அதனால்தான் உருகிவிட்டது. பயப்படாதே. நான் போடப்போவதும் ஸ்பிரிட்தான்! பழைய அரக்கை இளக்கி, சமப்படுத்தி, மேலே புதிதாகப் பூசினால் முடிந்தது. துணி எங்கே?"

உம்மா ஒரு புதுத் துண்டை நீட்டினார். ஈசா பாய் தலையாட்டினார். புதுத் துணி நார் விடுமாம், கீறுமாம். பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் வேண்டுமாம்.

அந்த வீட்டில் அப்படி ஒரே ஒரு துணிதான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு நின்ற வாப்பாவும் குனிந்து பார்த்தார்.

ஒன்பது வருடப் பழைய நீலக் கட்டம் போட்ட சாரம். லுங்கியை அவர்கள் சாரம் என்பார்கள்.

"இதுவா? முடியாது! இது சாரம் இல்ல, என் கூடப்பொறந்தவன் மாதிரி!"

"வாப்பா..." என்றாள் நஜீஹா.

வாப்பா அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். பேன்ட் போட்டுக்கொண்டு திரும்பி வந்து சாரத்தை நீட்டினார். நீட்டிய கை சாரத்தை விடுவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது.

ஈசா பாய் ஒரு துண்டைக் கிழித்தார். 'சர்ர்' என்ற சத்தத்துக்கு வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சை உள்ளே வைத்து, துணியைச் சுற்றி, கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்தார் ஈசா பாய். கொஞ்சம் ஸ்பிரிட்டில் தொட்டுப் பலகையில் ஓட்டினார். எட்டுப் போடுவதுபோல் வளைத்து வளைத்து ஓட்டினார். கை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நின்றால் ஒட்டிக்கொள்ளுமாம்.

எல்லோரையும் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டதால் நஜீஹா வாசலிலிருந்தே பார்த்தாள். முதலில் டிஷ்யூ துணுக்குகள் போயின. பிறகு விரல் பதிவுகள் ஒவ்வொன்றாக, சுண்டுவிரல், மோதிரவிரல் என்று மறைந்தன. அப்புறம் அந்த வெள்ளை வட்டம். அது மங்கி, மங்கி, காணாமலே போய்விட்டது.

இப்போது ஈசா பாய்க்கு ஒரு குழப்பம். ஒரு பாட்டிலில் கருஞ்சிவப்பு அரக்கு. இன்னொன்றில் இன்னும் அடர்ந்த கருஞ்சிவப்பு. பாதி மேசை வெளுத்து, மீதி மேசை வெயில்பட்டு மாறியிருந்ததால், பழைய நிறம் எது என்று சொல்ல முடியவில்லை. போன் போட்டோவில் எல்லாமே கறுப்பாகத் தெரிந்தது.

"இழுப்பறையைத் திறந்து அதோட மேல்விளிம்பைப் பாருங்க!" என்று வாசலிலிருந்து கத்தினாள் நஜீஹா. "அங்க வெயிலும் படல, நானும் படல!"

வாப்பா மொழிபெயர்த்தார். ஈசா பாய் திறந்து பார்த்தார். விளிம்பில் அந்த அடர்ந்த கருஞ்சிவப்பு அப்படியே இருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்.

அன்று கொஞ்சம், வியாழன் மத்தியானம் கொஞ்சம் என்று மெல்லிய பூச்சாகப் பூசி முடித்தார். கிளம்பும்போது உம்மா கிண்டிக் கொடுத்த தொதல் என்ற இனிப்பை மூன்று துண்டு சாப்பிட்டார். கறுப்பாக மின்னிய தொதலை விளக்குக்கு நேரே பிடித்து, "இதுவும் நல்ல பாலிஷ்!" என்றார். வாப்பா கூலியை அவர் கையில் வைத்தார். எவ்வளவு என்று கேட்காதீர்கள், லட்சம் இல்லை.

மேசையில் மறுபடியும் முகம் தெரிந்தது. ஆகில் நாக்கை நீட்டிச் சரிபார்த்தான்.

வாப்பா விரிப்பை எடுத்து அதன் பழைய இடத்தில் போட்டார். "இனி ஜோதிக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். சத்தியமா!" என்றான் ஆகில்.

நஜீஹா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஆனால் நாளை முதல் அந்த மேசையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து எப்படி எழுதுவது? அந்தப் பளபளப்பில் முதலில் அவள் முகம்தானே தெரியும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோதியக்கா வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு பை, தலை நிறைய வாடிய மல்லிகை. "அக்கா! அண்ணே! ஏய் நஜி!" என்று வாசலிலேயே கூப்பாடு.

ஆகில் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் நஜீஹா ஓடிப்போய் நின்றாள். கழுத்துச் சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"அக்கா, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். உங்க மேசையை நான் கெடுத்துட்டேன். விரிப்புக்குக் கீழ ஒரு வெள்ளை வட்டம் இருந்துச்சு. அதை எடுக்கலாம்னு சானிடைசர் போட்டேன். பாதி மேசை உருகிப் போச்சு. ஈசா பாய் வந்து சரிபண்ணிட்டாரு. ஆனா கெடுத்தது நான்தான். நீங்க உலர்ந்த துணி மட்டும்னு சொன்னீங்க. நான் கேக்கல. சாவி இந்தாங்க."

ஜோதியக்காவின் சிரிப்பு நின்றது. சாவியை வாங்கினார். நேரே அறைக்குள் போனார்.

வெளியே எல்லோரும் காத்திருந்தார்கள். ஆகில்கூட மூச்சுவிடவில்லை.

உள்ளே விரிப்பை எடுக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனால் அடுத்து வந்த கூச்சல் நாலாம் மாடிக்கே கேட்டிருக்கும்.

"வட்டம் எங்கடி?"

நஜீஹா எட்டிப் பார்த்தாள். "போ... போயிடுச்சுக்கா."

"போயிடுச்சா? ஒன்றரை வருஷமா நான் மூடி மூடி வச்சிருந்த வட்டம்டி அது!"

ஜோதியக்கா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

"இந்த மேசையை வாங்குன அன்னைக்கே, சந்தோஷத்துல சுடச்சுட டீயைக் கொண்டாந்து அதும்மேல வச்சிட்டேன். எடுத்துப் பார்த்தா வெள்ளையா வட்டம். ஆசையா வாங்குனதை அன்னைக்கே கெடுத்துட்டமேன்னு ராத்திரி பூரா அழுதேன். யார்கிட்டயும் சொல்ல வெக்கம். எங்கம்மா பின்னுன விரிப்பைப் போட்டு மறைச்சுட்டேன்."

"அப்போ அது நான் சாவி வச்சிருக்கும்போது வந்தது இல்லையா?"

"இல்லடி தங்கம்! நான் வச்சது." ஜோதியக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். மல்லிகை வாசனையும் விமான வாசனையும் சேர்ந்து அடித்தது. "நான் ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கல. நீ செருப்பைக் கழட்டுறதுக்குள்ள சொல்லிட்டே. நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரியவன்னு எனக்கே தெரியல."

அவர் சாவியைத் திரும்ப நஜீஹாவின் கழுத்தில் மாட்டினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

சாவி இப்போது கனக்கவே இல்லை.

பிறகு லட்சம், பூட்டு, வளையல் கதையெல்லாம் வரிசையாக வந்தது. ஜோதியக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறியதில் உம்மா தலையில் தட்டினார். வாப்பா தன் சாரத்தின் வீரமரணத்தைத் தானே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

பேச்சு சுவாரசியத்தில், உம்மா கொண்டுவந்த ஆவி பறக்கும் டீ கிளாஸை வாங்கிய ஜோதியக்கா, மேசைப்பக்கம் கையை நீட்டினார்.

"ஏய்ய்ய்!"

நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். டீ கிளாஸ் அந்தரத்தில் நின்றது.

நஜீஹா இழுப்பறையைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு நீலக் கட்டத் துண்டை எடுத்து மேசைமேல் போட்டாள். வாப்பாவின் சாரத்தில் மிச்சமிருந்த கடைசித் துண்டு.

"இப்போ வைங்கக்கா," என்றாள்.